கேட் மூடியிருந்த ஞாயிறுகள்

இதை எனக்குச் சொன்னவர் கோ. தெய்வசிகாமணி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பயணிகள் ரயிலில் கேட்டேன். பொன்மலை நிலையத்தைக் கடந்து, மஞ்சத்திடலுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நெடுநேரம் நின்றது. அவர் சொல்லி முடிக்கும் தறுவாயில்தான் நகர்ந்தது. பணிமனை விழாக்களில் வரவேற்புரை ஆற்றிப் பழகியவர் என்பதால் அவருடைய பேச்சு எழுத்துத் தமிழை ஒட்டியே ஓடியது. பிறர் பேசியதைச் சொல்லும்போது மட்டும் அவரவர் குரலுக்கு மாறினார். இரண்டையும் கேட்டவாறே தந்திருக்கிறேன். இதே நிகழ்ச்சியை வேறு இருவர் சொல்லவும் பிறகு கேட்டேன். அவர்கள் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதை இறுதியில் குறித்துள்ளேன்.

*

வேண்டாம் ஐயா, நீங்கள் குடியுங்கள். எனக்கு வெளியில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் பழக்கம் கிடையாது. இதுவா? இந்தப் பாட்டிலில் இருப்பது எனக்கு இல்லை. என் பெண்ணுக்கு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். விடியற்காலையில் எழுந்து நானே காய்ச்சினேன். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். சுகந்தி என்று பெயர். பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வண்டி நின்றுவிட்டதா? நிற்கட்டும். நிற்கிற இடத்தைப் பாருங்கள், இதற்கென்றே நின்றதுபோல. அதோ, அந்த வேலிக்கருவை மரங்களுக்கு அப்பால் தார்ச்சாலை பள்ளத்தில் இறங்குகிறதே, தெரிகிறதா? சுரங்கப்பாதை. முன்பு அங்கே லெவல் கிராசிங் கேட் இருந்தது. அதை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். இனி யாரும் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ஊரே கைதட்டி வரவேற்றது. என் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது அந்தச் சுரங்கப்பாதைதான். சிரிக்கலாம், தவறில்லை, எல்லாரும் சிரிக்கத்தான் செய்தார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். நியாயமாகப் பேசுவோம்.

சுகந்தி ஓட்டக்காரி. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடி டிபன் பாக்ஸ் வாங்குகிற ஓட்டம் இல்லை ஐயா, நெடுந்தூர ஓட்டம். ஜி கார்னர் மைதானத்தில் ஸ்டீபன் சார் என்று ஒருவர் பயிற்சி கொடுக்கிறார். அவர்தான் கண்டுபிடித்தார். “இந்தப் பொண்ணு வேகமா ஓடறவ இல்லைங்க. நிக்காம ஓடறவ. இவளைத் தூரத்துல விடுங்க” என்றார். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள், தெரியுமல்லவா? வைகாசிக் கடைசியில் தேர்வு ஓட்டம். அரை மாரத்தான். அதில் முன்னால் வந்தால் வேலை. நான் உழைத்த இலாகாவில் என் பெண்! என் மனைவி கமலவேணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அதைத்தான் சொன்னாள். “அவளை எப்படியாவது ரயில்வேயில சேத்துவிட்டுருங்க. பாஸுல போயி நாலு ஊரு பாக்கட்டும்.” எங்களுக்கும்தான் பாஸ் இருந்தது. போக நேரம்தான் இருக்கவில்லை. அப்படி ஒரு ஆசை அவளுக்கு இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நீண்ட ஓட்டம். மற்ற நாளில் மைதானத்தைச் சுற்றலாம், ஞாயிற்றுக்கிழமை சாலையில் ஓட வேண்டும். “லாங் ரன்னுல வேகம் முக்கியமில்ல சிகாமணி சார், தண்ணிதான் முக்கியம். எங்கெங்க தண்ணின்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுருங்க” என்றார் ஸ்டீபன் சார். அவர் சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். வழியை வகுத்தது நான். தண்ணீருக்கு இடம் பார்த்தது நான். பின்னால் மொபெட்டில் போனது நான். “என்ன சிகாமணி, பொண்ணை நீ விரட்டிட்டுப் போறியா, பொண்ணு உன்னைக் கட்டி இழுத்துட்டுப் போகுதா?” என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். பேசட்டும். எந்தத் தகப்பன் அப்படிப் போவான், சொல்லுங்கள்.

பொன்மலைப்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து புறப்படுவாள். முதலில் காலனிக்குள் இரண்டு சுற்று. அவள் பிறந்த குவார்ட்டர்ஸ் அங்கேதான் இருக்கிறது. இப்போது யாரும் இல்லை, கதவு ஜன்னலைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கமலவேணி வைத்த முருங்கை மட்டும் சுவருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சுகந்தி அதைத் தாண்டும்போது எம்பி ஒரு கிளையைத் தட்டிவிட்டுத்தான் ஓடுவாள். “மூச்சை வீணாக்காதே” என்று நான் பின்னாலிருந்து சொல்வேன். அடுத்த சுற்றிலும் தட்டுவாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மதில். அங்கே வந்தால் அவள் தலை தானாகக் குனியும். நானும் ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகுவேன். அந்த மதில் ஓரமாக மெதுவாகப் போக எங்கள் இருவராலும் முடியாது.

சந்தைப் பக்கத்தில் என் அக்கா ருக்குமணி வீடு. அதுதான் முதல் தண்ணீர். தண்ணீர் என்று சொன்னால் மோர் வைத்திருப்பாள். மோர் என்று சொன்னால் கூடவே இரண்டு இட்லி. “ஏண்டி, நின்னு குடிச்சா என்ன கொள்ளையா போயிரும்? ஓடிக்கிட்டே குடிச்சா உடம்புல ஒட்டுமாடி?” என்று கத்துவாள். “அத்தை, நின்னா கால் புடிச்சுக்கும்” என்று இவள் டம்ளரை வீசி எறிவாள். அக்கா டம்ளரைத் தேடிக்கொண்டு சாக்கடையைப் பார்த்துத் திட்டுவாள். சந்தைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. கமலவேணி இருந்தவரை அதே சந்தையில் என் பெண் ஒரு கையில் கூடையும் மறு கையில் அம்மாவின் முந்தானையுமாக நடந்தவள். இப்போது அதே ஆட்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு வழிவிடுகிறார்கள்.

அதற்கடுத்து இந்தக் கேட். கேட்டைத் தாண்டினால் மேலக்கல்கண்டார்கோட்டை. அங்கே சாலையோரத்தில் இரும்புக் கதவு போட்ட ஒரு வீடு. என் மைத்துனன் வைத்தியலிங்கம் வீடு. கமலவேணியின் கூடப்பிறந்த தம்பி. அவனும் பணிமனைதான், வேறு பிரிவு.

அந்த வீட்டில் நாங்கள் தண்ணீர் புழங்குவதில்லை.

நியாயமாகப் பேசுவோம் ஐயா. கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டுமா இல்லையா? கடைசிப் புடவை பிறந்த வீட்டுடையது. அதைப் போர்த்தித்தானே அனுப்ப வேண்டும்? கமலவேணி விடியற்காலையில் போனாள். ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பார்த்தேன், பார்த்தேன், பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. என் அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்துப் போட்டாள். பாடை தெரு முனை திரும்பியபோது ஓடி வருகிறான், கையில் பச்சைப் புடவையோடு. “நிறுத்துங்க, நிறுத்துங்க, கோடி போடணும்” என்று கத்திக்கொண்டு. தூக்கிய பாடையைப் பாதித் தெருவில் இறக்கலாமா? நான் கூடாது என்றேன். அவன் அந்தப் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே வந்தான். அங்கேயும் நான் விடவில்லை. ஒருமுறை கூடாது என்றால் கூடாதுதானே?

பிறகு என்ன சொல்கிறான் தெரியுமா? “பந்தக்காரனுக்குச் சொல்லி விட்டீங்க, மேளக்காரனுக்குச் சொல்லி விட்டீங்க. கூடப் பொறந்தவனுக்குச் சொல்ல ஒரு ஆளு கெடைக்கலியா மச்சான்?” சொல்லி அனுப்பினேன் ஐயா. என் சித்தப்பா பையனிடம் சொன்னேன். அவன் முதலில் பந்தல்காரனிடம் போனான், அங்கே கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? சொந்த அக்காள் போனதை ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ரத்தத்தில் தெரியாதா?

பதினாறாம் நாள் எல்லாரும் இருக்கும்போது வந்து நின்று மறுபடியும் அதையே கேட்டான். எனக்கு வந்த கோபத்தில், பக்கத்தில் நின்ற சுகந்தியை இழுத்து அவள் தலையில் கை வைத்தேன். “இவ மேல ஆணை. இனிமே நாங்க ரெண்டு பேரும் உன் வீட்டு வாசல்ல பச்சத்தண்ணி தொடமாட்டோம்.” அவ்வளவுதான். என் அக்கா மட்டும், “புள்ள தலையிலயாடா அடிச்சுச் சத்தியம் பண்ணுவ, பாவி” என்றாள்.

சத்தியம் என்பது சத்தியம். அது என் தலையில் வைத்ததாக இருந்தால் போகிறது என்று விட்டுவிடுவேன். அவள் தலையில் வைத்தது. பொய்த்தால் யாருக்கு ஆபத்து? அவளுக்குத்தானே? என் கோபம் அப்போதே போய்விட்டது ஐயா. நான் கோபக்காரன் இல்லை. அந்தச் சத்தியத்தை நான் காத்தது முழுக்க முழுக்க அவளுக்காக.

பிறகு எதற்கு அந்த வீட்டு வழியாக ஓடவிட்டாய் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வேறு வழியில் பேருந்து, லாரி. இந்த வழியில் வாய்க்கால் கரை, மர நிழல். அது ஒரு காரணம். கமலவேணி பிறந்த வீட்டுக்கு நடந்து போன வழி அது. தூக்குவாளியில் குழம்பை எடுத்துக்கொண்டு, சுகந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டி கூட வேண்டாம் என்று நடப்பாள். அது இன்னொரு காரணம். மறைப்பானேன், வைத்தியலிங்கம் பார்க்கட்டும் என்பதும் இருந்தது. தாயில்லாத பெண்ணை நான் எப்படி வளர்க்கிறேன், அவன் வாசலில் நிற்காமல் எப்படி ஓடுகிறாள் என்று அவன் பார்க்க வேண்டும்.

அவன் பார்த்தான். முதல் ஞாயிறே சொம்பும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டான். யார் சொன்னார்களோ தெரியாது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நாங்கள் கேட்டுக்கு வரும் நேரமும் காலைப் பாசஞ்சர் வரும் நேரமும் சரியாக இருக்கும். கேட் போட்டுவிடுவார்கள். சுகந்தி ஓரத்தில் ஆள் நுழையும் சந்து வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவிடுவாள். நான் மொபெட்டோடு இந்தப் பக்கம் மாட்டிக்கொள்வேன். கேட்கீப்பர் அந்தோணிசாமி எனக்குப் பழக்கம். அவருடைய பானையில் என் இரண்டு பாட்டில்களையும் நிரப்பிக்கொள்வேன். பேசிக்கொண்டிருப்போம். வண்டி போய், கேட் திறந்து, நான் போய் அவளைப் பிடிப்பதற்குள் அவள் வைத்தியலிங்கம் வீட்டைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தையும் தாண்டியிருப்பாள்.

நான் அவன் வீட்டைக் கடக்கும்போது அவன் வாசலில் நிற்பான். எப்படி? சொம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு! கீழே தரை நனைந்து கிடக்கும். பார்த்தீர்களா ஐயா, அந்த ஆத்திரத்தை? பெண் வாங்கவில்லை என்றதும் ஒரு சொம்பு தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு நிற்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். நான் அவனைத் திரும்பியே பார்க்க மாட்டேன். என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பான். தோற்றவன் சிரிக்கிற சிரிப்பு.

இன்னொரு அதிசயமும் சொல்ல வேண்டும். நான் போய்ப் பிடிக்கும்போது சுகந்தி புதிதாகப் புறப்பட்டவள்போல் ஓடிக்கொண்டிருப்பாள். சந்தையில் வாடிப்போன முகம் பாலத்தில் தெளிந்திருக்கும். தலைமுடியெல்லாம் ஈரம். அப்படி வியர்த்து ஓடுவாள். “தண்ணி வேணுமாம்மா?” என்று பாட்டிலை நீட்டினால், “இப்ப வேணாம்ப்பா” என்பாள். நான் ஸ்டீபன் சாரிடம் சொன்னேன்: “அந்த இடத்துல அவளுக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வருது சார். அவங்கம்மா நடந்த பாதை. அந்த நினைப்புதான் தூக்கிட்டுப் போகுது.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இருக்கும் சார், இருக்கும்” என்றார். நல்ல மனிதர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரைக் கடைசியில் இந்தச் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். கேட்டைப் பிடுங்கினார்கள். அந்தோணிசாமியை வேறு எங்கோ போட்டுவிட்டார்கள். அந்த அறையைக்கூட இடித்துவிட்டார்கள்.

அடுத்து வந்த ஞாயிறுதான். தேர்வுக்கு முன்னால் கடைசிப் பெரிய ஓட்டம். காலனிக்குள் இரண்டு சுற்றுக்குப் பதிலாக மூன்று. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. ஏழு மணிக்கே சாலை சுட்டது. மூன்றாம் சுற்றில் அவள் முருங்கையைத் தட்டவில்லை. நல்ல வேளை, மூச்சைச் சேமிக்கிறாள் என்று நினைத்தேன். அக்கா வீட்டில் மோர் வேண்டாம் என்றுவிட்டாள். “வயித்தப் பெரட்டுது அத்தை” என்றாள். “நில்லுடி, மொகத்தப் பாரு, செவசெவன்னு” என்று அக்கா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினாள். என்னிடமிருந்த இரண்டு பாட்டிலும் சந்தை தாண்டுவதற்குள் காலி. கேட்டில் நிரப்பிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பழக்க தோஷம் பாருங்கள், கேட் இல்லை என்பது தெரிந்தும் நிரப்பிக்கொள்ளலாம் என்றே மனது சொல்லிக்கொண்டிருந்தது.

சுரங்கப்பாதையில் இறங்கினோம், ஏறினோம். கேட் இருந்தால் நின்றிருப்பேன். இல்லை, அதனால் நிற்கவில்லை. ஓட ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த ஞாயிறு நான் அவளை ஒரு நொடிகூடப் பிரியவில்லை. பக்கத்திலேயே போனேன்.

வைத்தியலிங்கம் வாசலில் நின்றான். சொம்பு நேராக இருந்தது. நிறைய இருந்தது, விளிம்பில் தளும்பியது எனக்கே தெரிந்தது. அவன் பெண்சாதி தனபாக்கியமும் பின்னால் நின்றாள். சுகந்தி கால் தயங்கினாள். நின்றேவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம். சொம்பைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் ஹாரன் அடித்தேன்.

உற்சாகப்படுத்துவதற்காக ஐயா. “ஓடும்மா, ஓடு, நிக்காதே” என்றேன். வைத்தியலிங்கம், “மச்சான், ஒரு வாய் மச்சான், புள்ள மொகத்தப் பாருங்க” என்றான். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். என் கண் முன்னால் அவள் அந்தத் தண்ணீரைத் தொட்டால்? தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். இந்த நேரத்தில் அவள் தலையில் வைத்த ஆணை பொய்க்கலாமா? மறுபடியும் ஹாரன் அடித்தேன். அவள் ஓடினாள். தகப்பன் சொல்லைத் தட்டாத பெண் ஐயா. இந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பார்க்க முடியாது.

பாலத்துக்கு இந்தப் பக்கமே கோணல்மாணலாக ஓட ஆரம்பித்தாள். “அம்மா, அந்தக் கூடையைக் குடு” என்று ஏதோ பேசினாள். யாரிடம் பேசுகிறாள் என்று நான் பார்ப்பதற்குள் விழுந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் இரும்புபோல் சுடுகிறது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. வைத்தியலிங்கம் சொம்போடு ஓடி வந்தான். நான் கையை நீட்டித் தடுத்தேன். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பணிமனை முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் தடுத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. “தலையிலயாச்சும் ஊத்துறேன் மச்சான்” என்றான். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. யாரோ ஒரு ஆட்டோக்காரர் வாய்க்காலில் துண்டை நனைத்து எடுத்து வந்து போர்த்தினார். அந்த ஆட்டோவில்தான் தூக்கிப் போனோம். அந்த வீட்டுத் தண்ணீர் அவள்மேல் ஒரு சொட்டும் படவில்லை. அந்த மட்டில் சத்தியம் காப்பாற்றப்பட்டது. உயிர் பிழைத்தது அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

பிழைத்தாள். சிறுநீரகம் கெட்டுப்போய்த் தேறியது. இனிமேல் நெடுந்தூர ஓட்டம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேர்வு நாளன்று அவள் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா” என்றேன். “எதப் பாத்துக்கறதுப்பா?” என்றாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஒரு கேட். ஒரே ஒரு கேட் இருந்திருந்தால்! அந்தோணிசாமி பானை இருந்திருக்கும், என் பாட்டில் நிறைந்திருக்கும். நான் நின்றிருப்பேன், அவள் தன்பாட்டுக்குப் போயிருப்பாள். எல்லாம் எப்போதும்போல் நடந்திருக்கும். இவ்வளவு பெரிய சுரங்கப்பாதை தோண்டுகிறவர்கள், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வருகிறாள். மரியாதையாகப் பேசுவாள். சமைத்து வைப்பாள், என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். தண்ணீர் மட்டும் பையில் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவாள். வீட்டுப் பானையில் மொள்ளுவதில்லை. ஒருநாள் நானே டம்ளரில் மொண்டு கொடுத்தேன். வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. காய்ச்சின தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் இருக்கிறாள்.

அதனால்தான் இப்படிக் காய்ச்சி எடுத்துப் போகிறேன். போன மாதமும் எடுத்துப் போனேன். மூடியைத் திறக்கவில்லை. சரியாக ஆறவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை இன்னும் நேரத்தோடு எழுந்து காய்ச்சிவிட்டேன். தொட்டுப் பாருங்கள் ஐயா. ஆறியிருக்கிறதல்லவா?

வண்டி எடுத்துவிட்டான்.

*

வேறு இருவர் சொன்னவை:

வைத்தியலிங்கத்தின் மனைவி தனபாக்கியம், புரட்டாசியில், தம் வீட்டில் சொன்னது. சுகந்தி ஞாயிறுதோறும் அந்த வாசலில் தண்ணீர் குடித்தாள் என்கிறார். “அந்தப் பக்கம் கேட்டு போடுற மணி கேட்டா போதும், எங்க வீட்டுக்காரரு சொம்ப எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிருவாரு. புள்ள பாதியக் குடிச்சுட்டு மீதியத் தலையில ஊத்திக்கும். ‘போயிட்டு வரேன் மாமா’ன்னு சொம்பக் கவுத்துக் கையில குடுத்துட்டு ஓடிரும்.” அந்தக் கடைசி ஞாயிறு பற்றி அவர் சொல்வதும் தெய்வசிகாமணி சொல்வதும் ஒன்றே, ஹாரன் ஒலித்தது உட்பட. முடிவில் வேறுபடுகிறார். சுகந்தி ஊருக்கு வருவது பண்டிகைகளுக்கு மட்டுமல்ல, மாதம் ஒருமுறை தகப்பனார் அறியாமல் மஞ்சத்திடலில் இறங்கித் தம் வீட்டுக்கு வந்து போகிறாள் என்றும், வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அடுக்களைக்குப் போய்ப் பானையில் மொண்டு குடிப்பாள் என்றும் சொன்னார். காய்ச்சின தண்ணீரா என்று கேட்டேன். “குழாய்த் தண்ணிதாங்க” என்றார்.

இதைப் பற்றிச் சுகந்தியிடம் கேட்டபோது, “அப்பா எப்படிச் சொன்னாரோ அப்படியே இருக்கட்டும் சார்” என்று மட்டும் சொன்னாள்.

கேட்கீப்பர் அந்தோணிசாமி, இப்போது பணிபுரியும் ஊரில், ஐப்பசி மழையில் சொன்னது. தெய்வசிகாமணிக்கு எல்லாம் தெரியும் என்கிறார். “வண்டி போயிரும், கேட்டும் தூக்கிருவேன். மத்த வண்டியெல்லாம் போயிரும். அவரு மட்டும் ஸ்டாண்டு போட்டு உக்காந்துருப்பாரு. ‘அண்ணே, தொறந்தாச்சு, போங்க’ன்னு சொன்னா, ‘இருப்பா, புள்ள கொஞ்ச தூரம் போவட்டும்’பாரு. அந்தப் பக்கம் பாக்கவே மாட்டாரு. முதுகக் காட்டிக்கிட்டுத்தான் உக்காருவாரு.” கேட்டைப் பிடுங்குவதற்கு முதல் நாள் மாலை தெய்வசிகாமணி தனியாக வந்தாராம். கேட் கம்பத்தையெல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது கேட்டாராம்: “ஞாயித்துக்கிழமை காலையில மட்டுமாவது மூடி வைக்க ஏதாச்சும் வழி இருக்கா அந்தோணி?”